‘ஆளை மாத்துங்க!’ - தோற்கும் அணி, கொதிக்கும் ரசிகர்கள்... பதவி பறிபோனால் பந்து கோலுக்குள் போகுமா?

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று ஆரம்பாக்கம். பெயரில்தான் ஆரம்பம். வடக்கே அடுத்த ரயில்வே ஸ்டேஷனான தடாவில் இறங்கினால் ஆந்திரா வந்துவிடும். காலையில் ஒரு கூட்டம் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், இன்னொரு கூட்டம் வடக்கே ஸ்ரீசிட்டிக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறது.

இந்தப் பக்கத்தில் ‘ஜி.எம்.’ என்ற இரண்டெழுத்துக்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரல் மேனேஜர். உற்பத்தி குறைந்தாலும், அனுப்பிய சரக்கு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தாலும் மேலிடம் முதலில் தேடுவது அவரைத்தான். ‘ஜி.எம்.மை மாத்திட்டாங்களாம்’ என்ற செய்தி கேட்டைத் தாண்டும் முன்பே டீக்கடைக்கு வந்துவிடும். கூடவே இரண்டு கேள்விகளும் வரும். அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவர்? நம்ம லைனுக்கு ஏதாவது ஆகுமா?

விளையாட்டு அணிகளிலும் இதே கதைதான். ஒரே ஒரு வித்தியாசம். தொழிற்சாலையில் ஜி.எம்.மை மாற்றச் சொல்லி யாரும் வாசலில் நின்று கத்த முடியாது. மைதானத்தில் கத்தலாம். டிக்கெட் எடுத்த ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை இருப்பதாக ரசிகர்கள் நம்புகிறார்கள்.

அப்படிக் கத்தினால் பலன் உண்டா? ஆளை மாற்றினால் அணி ஜெயிக்குமா? அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்திலும், நம்ம சென்னை பெரியமேட்டிலும் நடந்தவற்றைப் பார்த்தால் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

சவப்பெட்டியோடு வந்த ரசிகர்கள்

டல்லாஸ் மேவரிக்ஸ், அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் அணி. அங்கே ஜெனரல் மேனேஜர் என்பவர் ஆபீஸ் நிர்வாகி மட்டுமல்ல. எந்த வீரரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் அவர். கோச்சின் வேலை, கையில் கொடுத்த வீரர்களை வைத்து ஆட்டத்தை நடத்துவது. சமையலுக்கு ஒப்பிட்டால், சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறவர் ஜி.எம். அடுப்படியில் நிற்கிறவர் கோச்.

2021 முதல் மேவரிக்ஸின் ஜி.எம். ஆக இருந்தவர் நிகோ ஹாரிசன். 2024இல் அணி இறுதிப் போட்டி வரை போய் பாஸ்டனிடம் தோற்றது. அந்த அணியின் உயிர்நாடி லூகா டான்சிச். ஸ்லோவேனியா நாட்டிலிருந்து பதின்வயதில் வந்து, டல்லாஸ் ஊர்ப்பிள்ளையாகவே ஆகிவிட்டவர். அப்போது அவருக்கு வயது 25தான்.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நள்ளிரவுச் செய்தி. டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார் ஹாரிசன். பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் ஆன்டனி டேவிஸ். திறமைசாலிதான். ஆனால் டான்சிச்சைவிட வயதில் மூத்தவர், அடிக்கடி காயம் படுகிறவர். ‘தடுப்பாட்டம்தான் கோப்பை வாங்கித் தரும்’ என்பது ஹாரிசனின் வாதம்.

ரசிகர்கள் ஏற்கவில்லை. மைதானத்துக்கு வெளியே, அந்த அணியின் பழைய நாயகன் டிர்க் நொவிட்ஸ்கியின் சிலைக்குப் பக்கத்தில் சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து துக்கம் அனுசரித்தார்கள். ‘நிகோவை நீக்கு’ என்ற கோஷம் உள்ளே ஒவ்வொரு ஆட்டத்திலும் எழுந்தது. ஏப்ரலில் லேக்கர்ஸ் சட்டையோடு அதே டல்லாஸ் மைதானத்துக்கு வந்த டான்சிச், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஆடி 45 புள்ளிகள் எடுத்தார். எதிரணி வீரருக்கு டல்லாஸ் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அடுத்த சீசன் இன்னும் மோசம். முதல் 11 ஆட்டங்களில் 3 வெற்றி, 8 தோல்வி. 2025 நவம்பர் 10 இரவு, மில்வாக்கியிடம் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்திலும் அதே கோஷம். அணியின் உரிமையாளர் தரப்புத் தலைவரான பேட்ரிக் டூமான்ட் அன்று மைதானத்தில்தான் இருந்தார். டான்சிச்சின் லேக்கர்ஸ் சட்டை போட்டு வந்திருந்த ஓர் இளம் ரசிகரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் செய்தார். மறுநாள் ஹாரிசன் பதவி நீக்கம். ரசிகர்களுக்குத் திறந்த கடிதம் ஒன்றும் வந்தது.

ரசிகர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் டான்சிச் திரும்பி வரவில்லை. வரவும் முடியாது. சந்தைக்குப் போனவரை மாற்றலாம், விற்ற பொருளைத் திரும்பக் கேட்க முடியுமா?

நம்ம ஊர்க் கதை

சென்னைக்கு இதே வலி 2019இலேயே வந்துவிட்டது. கூடைப்பந்து அல்ல, கால்பந்து. இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அணி. நம் நாட்டுக் கால்பந்தில் அமெரிக்காவைப் போல ஜி.எம். தலை உருள்வது அபூர்வம். இங்கே உருளுவது பெரும்பாலும் கோச்சின் தலை.

2014இல் தொடங்கிய அணி, 2015இல் மார்கோ மெட்டராசி பயிற்சியில் ஒரு கோப்பை, 2017-18 சீசனில் ஜான் கிரிகரி பயிற்சியில் இன்னொரு கோப்பை வென்றிருந்தது. கிரிகரி இங்கிலாந்துக்காரர், ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லா அணியின் மேனேஜராக இருந்தவர். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்திய இரவை ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அந்த வெற்றி அணியில் இருந்தார் என்பது வடசென்னைக்குத் தனிப் பெருமை.

கோப்பை வென்ற அடுத்த சீசனிலேயே அடி. 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளிகள். பட்டியலில் கடைசி இடம். ஆனாலும் நிர்வாகம் கிரிகரியை மாற்றவில்லை. கோப்பை தந்தவருக்கு இன்னொரு வாய்ப்பு என்று ரசிகர்களில் பலரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

2019-20 சீசன் தொடங்கியது. கோவாவிடம் 0-3. மும்பையோடு 0-0. ஏ.டி.கே.யிடம் 0-1. பெங்களூருவிடம் 0-3. நான்கு ஆட்டங்கள் முடிந்தும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று குழுவாகத் திரண்டு, நீலச் சட்டையோடு தொண்டை வறளப் பாடுகிற ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கடைசி ரயிலா, கடைசி நிமிடமா?

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் தொடங்குவது இரவு ஏழரை மணிக்கு. முடிய ஒன்பதரை ஆகிவிடும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்குப் பிரச்னை இல்லை. ஆரம்பாக்கம் போன்ற ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அது வேறு கணக்கு. கும்மிடிப்பூண்டி வரைக்கும் மின்சார ரயில்கள் ஓரளவுக்கு உண்டு. அதைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம் வழியாகச் சூளூர்பேட்டை போகும் ரயில்கள் குறைவு. ஒன்றை விட்டால் காத்திருப்பு நீளும். மறுநாள் காலை ஷிஃப்ட் காத்திருக்காது.

2019 நவம்பர் 25, திங்கட்கிழமை. ஹைதராபாத் அணியோடு ஆட்டம். 90 நிமிடம் முடியும்போதும் 0-0. ஐந்தாவது ஆட்டத்திலும் கோல் இல்லை என்று அலுத்துப்போய், சென்ட்ரலுக்கு நடையைக் கட்டியவர்கள் எதை இழந்தார்கள் தெரியுமா? கூடுதல் நேரத்தில் மூன்று கோல்கள்! மால்டா நாட்டு ஆந்த்ரே ஷெம்ப்ரி சென்னையின் முதல் கோலை அடித்தார். ஹைதராபாத் உடனே சமன் செய்தது. அடுத்து லிதுவேனியா நாட்டு நெரியுஸ் வால்ஸ்கிஸ் வெற்றி கோல் அடித்தார். 2-1. சீசனின் முதல் வெற்றி.

மூன்று நாள் கழித்து ஒடிசாவோடு ஆட்டம். இரண்டு முறை முன்னிலை பெற்றும், இரண்டு முறையும் கோட்டைவிட்டு 2-2 என்று முடிந்தது. நவம்பர் 30, சனிக்கிழமை அன்று அறிவிப்பு வந்தது. கிரிகரியும் அணியும் பிரிகிறார்கள். இப்படிப்பட்ட அறிவிப்புகளில் ‘நீக்கம்’ என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. ‘பிரிகிறோம்’, ‘நன்றி’, ‘வாழ்த்துகள்’. அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த மொழி புதிதல்ல.

ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றி, இரண்டு டிரா, மூன்று தோல்வி. மொத்தம் 5 புள்ளிகள். கணக்கைப் பார்த்தால் முடிவு நியாயம்தான் என்றார்கள் பலர். கோப்பை வாங்கித் தந்தவரை இப்படியா அனுப்புவது என்று வருந்தியவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் ஒரே ரசிகரின் வாயிலிருந்து அடுத்தடுத்த நாளில் வருவதும் உண்டு. தோற்கும்போது கோபம், ஆள் போன பிறகு பாவம். ரசிகர் மனசு அப்படித்தான்.

அதே வீரர்கள், வேறு அணி

டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில் புதிய கோச்சாக வந்தார். பர்ன்லி, போல்டன் என இங்கிலாந்து அணிகளை நடத்திய அனுபவசாலி.

நடந்தது அதிசயம். மீதி 12 லீக் ஆட்டங்களில் அணி 24 புள்ளிகள் சேர்த்தது. கடைசி இடங்களில் தள்ளாடிய சென்னையின், நான்காவது இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனது. அங்கே கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்து, கோவாவில் 2-4 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பி இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. நான்கு ஆட்டங்களுக்குக் கோலே அடிக்காத அணியிலிருந்த வால்ஸ்கிஸ், சீசன் முடிவில் 15 கோல்களோடு தங்கக் காலணி விருதை வாங்கினார்.

‘பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் எல்லாம் மாறிவிட்டது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வால்ஸ்கிஸும், நடுக்களத்தை ஆட்டிப்படைத்த பிரேசில் வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோவும் கிரிகரி காலத்தில் அணிக்கு வந்தவர்கள். விதைத்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் இன்னொருவர். காயில் ஆட்டத்தை மாற்றினார் என்பது உண்மை. அவர் கையில் கிடைத்த வீரர்கள் நல்லவர்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அந்த இறுதிப் போட்டி 2020 மார்ச் 14 அன்று கோவா ஃபத்தோர்டாவில் நடந்தது. கொரோனா பரவத் தொடங்கிய நேரம். ஸ்டேடியத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. வெறும் நாற்காலிகளின் முன்னே ஆடி ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது சென்னையின். கடைசி இடத்தில் கிடந்த காலத்திலும் தொண்டை கிழியப் பாடியவர்கள், அணி உச்சத்துக்குப் போன நாளில் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தார்கள். அடுத்த இரண்டு சீசன்களின் லீக் ஆட்டங்களும் கோவாவிலேயே, ரசிகர்கள் இல்லாமலே நடந்தன.

எல்லா நேரமும் பலிக்காது

அந்தப் பூட்டிய காலத்தில்தான் அடுத்த நீக்கமும் நடந்தது. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று படுதோல்வி. அதைத் தொடர்ந்து கோச் போசிடார் பாண்டோவிச் வெளியே போனார். மீதி ஆட்டங்களுக்குச் சபீர் பாஷா பொறுப்பேற்றார். அந்த சீசனை அணி எட்டாவது இடத்தில் முடித்தது. இந்த முறை அதிசயம் எதுவும் நடக்கவில்லை.

கேரளாவிலும் இதே அனுபவம். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி 12 ஆட்டங்களில் 3 வெற்றி மட்டுமே பெற்றிருந்தது. ‘மஞ்ஞப்படா’ என்ற ரசிகர் படை, இனி டிக்கெட் வாங்க மாட்டோம், விற்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. டிசம்பர் 16 அன்று ஸ்வீடன் நாட்டுக் கோச் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். ஆனால் ரசிகர்கள் அடங்கவில்லை. ‘எங்கள் கோபம் கோச் மேல் அல்ல, நல்ல வீரர்களை வாங்காத நிர்வாகத்தின் மேல்’ என்பது அவர்கள் நிலை. சமையல்காரரை அனுப்பிவிட்டால் சந்தைக்குப் போனவரின் தவறு மறைந்துவிடுமா என்பதுதான் அதன் பொருள். அந்த சீசனில் பிளாஸ்டர்ஸ் பிளே-ஆஃபை எட்டவில்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்து பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் கால்பந்து ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். கோச்சை நீக்கிய அணிகளை, அதேபோல் தோற்றும் கோச்சை நீக்காத அணிகளோடு ஒப்பிட்டார். நீக்கிய பிறகு அணிகள் தேறியது உண்மை. ஆனால் நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே போலத் தேறின!

காரணம் எளிமையானது. தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்பதில் திறமைக் குறைவோடு கெட்ட நேரமும் கலந்திருக்கும். காயம், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, பலமான எதிரணிகள் அடுத்தடுத்து வருவது என எத்தனையோ. அந்தக் கெட்ட நேரம் என்றைக்கும் நீடிக்காது. பள்ளத்தின் அடியில் நிற்கும்போது ஆளை மாற்றினால், அடுத்து வரும் மேட்டுக்கான பெயர் புதியவருக்குப் போய்ச் சேரும்.

இதற்கும் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. ஜம்ஷெட்பூருக்குப் போய் லீக் ஷீல்டு வென்ற ஓவன் காயில், 2023இல் திரும்ப வந்தார். ரசிகர்கள் கொண்டாடினார்கள். முதல் சீசனில் பிளே-ஆஃப் வரை போனது அணி. அடுத்த சீசனில், 13 அணிகளில் 11ஆவது இடம். 2025இல் அவரும் விடைபெற்றார். அன்று காப்பாற்றியவர் அதே ஆள்தான். அதே ஊர், அதே ஸ்டேடியம். வீரர்கள் வேறு, நேரம் வேறு.

பிறகு எதற்குக் கத்த வேண்டும்?

அப்படியானால் ரசிகர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. டல்லாஸில் கோஷம் போட்டவர்களுக்கு ஆட்டத்தின் கணக்கு தெரியாமல் இல்லை. தங்களைக் கேட்காமல், தங்கள் பிள்ளையைப் போல் பார்த்தவரை ஒரே இரவில் விற்றது அவர்களுக்கு அவமரியாதையாகப் பட்டது. கொச்சியில் டிக்கெட்டைப் புறக்கணித்தவர்கள் கேட்டதும் அதையேதான். எங்கள் காசு வேண்டும், எங்கள் சத்தம் வேண்டும், எங்கள் பேச்சு மட்டும் வேண்டாமா? டல்லாஸ் உரிமையாளர் கடைசியில் ஒரு ரசிகரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதும், கடிதம் எழுதியதும் அந்தக் கேள்விக்குத் தாமதமாக வந்த பதில்.

வேலை போகிற வலி என்னவென்று தொழிற்பேட்டை ரசிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜி.எம். போனால் அவருக்கு இன்னொரு கம்பெனி கிடைத்துவிடும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்ற ஒற்றை வார்த்தைதான். அதனால்தான் சில ரசிகர்கள் ‘ஆளைத் தூக்கு’ என்று கத்தும்போதே கொஞ்சம் தயங்குகிறார்கள். கோச்சோடு அவர் அழைத்துவந்த உதவியாளர்களும் பெட்டி கட்டுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்வி, யாரை நீக்குவது என்பது அல்ல. வீரர்களைத் தேர்ந்தெடுத்தது யார், அதற்கு எவ்வளவு செலவு செய்தார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், அடுத்த மூன்று வருடத்துக்கு என்ன திட்டம்? இவற்றுக்குப் பதில் சொல்லும் நிர்வாகத்தோடு ரசிகர் தோல்வியிலும் கூட நிற்பார். பதில் சொல்லாத நிர்வாகம் வருடத்துக்கு ஒரு கோச்சை மாற்றினாலும் சத்தம் அடங்காது.

ஆரம்பாக்கம் ரசிகரின் கேள்வி இதைவிடச் சின்னது. அணி தோற்றாலும் ஜெயித்தாலும், அவர் பெரியமேட்டுக்குப் போய்த் திரும்ப நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். கோச் யாராக இருந்தாலும் ரயில் நேரம் மாறாது. அடுத்த முறை 90 நிமிடம் முடிந்தும் 0-0 என்று இருந்தால் எழுந்து ஸ்டேஷனுக்கு ஓடுவதா, இன்னும் ஐந்து நிமிடம் உட்காருவதா?

2019 நவம்பர் 25 இரவு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள், அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்ததைப் பற்றி இன்றைக்கும் புகார் சொல்ல மாட்டார்கள்.